பட்டினிச் சபதமும் ஒன்பது பிள்ளைகளும்

மேல்சித்தாமூர்
4 ஆகஸ்ட் 2025, திங்கள்

செஞ்சி நகரத்தின் மருமகளும், தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையும், என் அக்காள் பெற்ற ஒரே புலியுமான திரிசலாவுக்கு, உன் தாய்மாமன் வர்த்தமானன் மிகுந்த பணிவோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதுவது.

இன்று காலை எட்டேகாலுக்கு உன் பள்ளி வாசலில் வேனை நிறுத்தினேன். இறங்கிய பிள்ளைகளை எண்ணினாய். என்னை எண்ணவில்லை. ‘வணக்கம் டீச்சரம்மா’ என்றேன். நீ கொடிக்கம்பத்தைப் பார்த்துத் தலையாட்டினாய். கொடிக்கம்பத்துக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் காலை உணவு சமைக்கிற அமலோற்பவம் கரண்டியோடு வெளியே வந்தாள். “நயினாரே, டீச்சர் உங்ககிட்ட பேசமாட்டாங்களாம். பேசினா நீங்க ஜெயிச்சிடுவீங்களாம். எதுவா இருந்தாலும் பேப்பர்ல எழுதிக் குடுக்கணுமாம்” என்றாள். போனிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். சரி, எழுதுகிறேன். என் தரப்பு நியாயத்தைக் கேட்டால் கல்லும் கரைந்து ஓடி ஏரி நிரம்பும்.

ஊசிப்பாறை இருளர் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு மூன்றரை கிலோமீட்டர். என் வேனுக்கு அது முந்நூறு. வழியிலுள்ள பள்ளங்களில் இரண்டில் கப்பல் விடலாம். தூரத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே வண்டி அமர்த்தும் திட்டத்தில், ஜூன் மாதம், வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிற என் மல்லாட்டை வேனைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நீ. “ஒன்பது பிள்ளைங்க மாமா, ஏத்திக்கினு வந்தா போதும்” என்றாய். வண்டி வந்தது. காலையில் சுடச்சுடப் பொங்கல் வந்தது. பை, செருப்பு, புத்தகம் எல்லாம் வந்தன. பிள்ளைகள்தான் வரவில்லை. ஒரு நாள் நான்கு பேர், ஒரு நாள் இரண்டு பேர். ஒரு நாள் ஓர் ஆட்டுக்குட்டி மட்டும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தது.

ஜூலை பதினாறாம் தேதி எனக்குப் பொறுக்கவில்லை. குடியிருப்பு மொத்தமும் பார்க்க, வேன் படியில் ஏறி நின்று முழங்கினேன்: “இந்த ஒன்பது பேரும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டாத நாளில், இந்த நயினார் பச்சைத் தண்ணியத் தவிர எதையும் தொடமாட்டான்!”

அது வெறும் பேச்சு. என் பேச்சை யார் நம்பியிருக்கிறார்கள்? ஆனால் முன் சீட்டில், செஞ்சி கடைத்தெருவுக்குப் போவதற்காக உன் விதிமுறைக்கு மாறாக, உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். “அவ்ளோ பேர் முன்னாடி வாயால சொல்லிட்டல்ல? அது விரதம்டா. நாளைக்கு எட்டு பேர் வந்தாலும் உனக்கு அடுப்பு எரியாது” என்றாள். பொழுது சாய்ந்தால் நம்மைப் போன்ற சமணர் வீட்டில் பல்லில் எதுவும் படாது என்பது உனக்கே தெரியும். பகலில் விட்டால் அன்று முழுக்க விட்டதுதான்.

மறுநாள் ஏழு பேர் வந்தார்கள். சாயங்காலம் பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுபோகும்போது ஸ்டியரிங் எனக்கு முறுக்காகத் தெரிந்தது. இரண்டாம் வகுப்பு இளவரசன் பின்னாலிருந்து கேட்டான்: “வண்டி மாமா, இன்னாத்துக்கு உன் வயிறு பேசுது?” உள்ளதைச் சொன்னேன். அதற்கடுத்த நாள் நான் போவதற்குள் ஒன்பது பேரும் தலைவாரிக்கொண்டு ரோட்டில் நின்றார்கள். பதினொரு பள்ளி நாட்கள், தினமும் ஒன்பதுக்கு ஒன்பது! இமயமலை எட்டிப் பார்த்து, “யாரது செஞ்சிப் பக்கம்?” என்று விசாரித்ததாகக் கேள்வி.

வெள்ளிக்கிழமை நடந்ததற்கு நான் என்ன செய்வேன்? ஐந்தாம் வகுப்புத் தமிழினி கடைசி சீட்டில் சுருண்டு கிடந்தாள். தூக்கம் என்று நினைத்தேன். காய்ச்சல் என்று நெற்றியில் எழுதியா வைத்திருக்கிறது?

பதிலை அமலோற்பவத்திடம் கொடு. மூன்று நாளாய்ப் பேசாமல் இருக்கிறாய். எனக்கு முந்நூறு வருஷம் போலிருக்கிறது.

உன் மாமா
வர்த்தமானன்


செஞ்சி
5 ஆகஸ்ட் 2025

மாமா,

‘அன்புள்ள’ என்று எழுத வந்தது. அடித்துவிட்டேன்.

நெற்றியில் எழுதி வைத்திருக்காதுதான். தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நூற்றுமூன்று டிகிரி. வகுப்பில் வாந்தி எடுத்தாள். அமலோற்பவம் அக்கா தூக்கிக்கொள்ள, நான் பின்னால் ஓட, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ஊசி போடும்போது அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “நான் வாசலத் தாண்டிட்டேன்ல டீச்சர்? கணக்குல வந்துட்டேன்ல? மாமா சாப்டுவார்ல?”

இதற்குமேல் நான் என்ன எழுத வேண்டும்?

காய்ச்சலில் வீட்டில் படுத்திருக்கும் உரிமைகூட அவளுக்கு இல்லாமல் செய்துவிட்டீர்கள். பெரியவர் ஒருவரின் சாப்பாடு தன் தலையில் இருக்கிறதென்று பத்து வயதுப் பெண் நடுங்கிக்கொண்டே வேன் ஏறுகிறாள். நீங்கள் இமயமலையைப் பற்றி எழுதுகிறீர்கள்.

என் மேலும் தவறு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பதினொரு நாளும் வருகைப்பதிவு ஆப்பில் ஒன்பது பச்சைக் குறியைப் பார்த்துப் பூரித்துப்போனேன். ஏன் வருகிறார்கள் என்று கேட்கவில்லை. வராதபோதும் ஏன் என்று கேட்கவில்லை. வட்டார அலுவலகத்திலிருந்து பாராட்டி, என்ன உத்தி என்று எழுதி அனுப்பச் சொன்னார்கள். “ஒருவரின் பட்டினி” என்று எழுதவா?

தமிழினி போன வருஷம் பாதி நாள்கூட வரவில்லை. இப்போது ஐந்தாம் வகுப்பு. அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக்குச் செஞ்சிக்குப் போக வேண்டும். தொடர்ந்து முப்பது நாள் வராவிட்டால் இடைநின்றவர் பட்டியலில் பெயர் ஏறிவிடும். அந்தப் பட்டியலில் ஏறி இறங்கியவர்கள் குறைவு. அவள் பள்ளிக்கு வர வேண்டும் மாமா. ஆனால் உங்களுக்காக வரக் கூடாது.

குடியிருப்புக்குப் போய், இனிமேல் யார் வந்தாலும் வராவிட்டாலும் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதுவரை பேச்சில்லை.

திரிசலா


மேல்சித்தாமூர்
8 ஆகஸ்ட் 2025, வெள்ளி

திரிசலா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த ஊசி போட்ட இடத்தை மட்டும் ஒரு முறைதான் படிக்க முடிந்தது.

முதலில் உன் அம்மாவிடம் போய் விரதத்தை முடித்து வைக்கச் சொன்னேன். உச்ச நீதிமன்றமே தேவலை. அங்கே வக்கீலாவது வைத்துக்கொள்ளலாம். “கொழந்தைய வாட்டுற விரதம் விரதமே இல்ல. ஆனா யோசிக்காம பேசின நாக்கு சும்மா போவக் கூடாது” என்றாள். தண்டனை இதுதான்: ஆவணிப் பௌர்ணமி வரைக்கும் நான் எதையும் கூட்டிப் பேசக் கூடாது. ஒன்றை ஒன்று என்றுதான் சொல்ல வேண்டும். எழுதுவதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அதனால் உனக்கு எழுதும் காகிதத்தில்தான் நான் மூச்சு விடுகிறேன்.

புதன்கிழமை ஒரு தூக்கு நிறைய இட்லியோடு ஊசிப்பாறைக்குப் போனேன். “இனிமே நான் சாப்டுவேன். நீங்க வந்தாலும் சாப்டுவேன், வராட்டியும் சாப்டுவேன்” என்றேன். என் ஆயுளில் பேசிய முதல் சுத்தமான உண்மை. ஒரு உயிரும் நம்பவில்லை! தமிழினியின் அம்மா மகாலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பொய் சொல்றாரு பாரு” என்கிறாள். எல்லார் எதிரிலும் பதினொரு இட்லி தின்று காட்டினேன். “பாவம், எத்தினி நாள் பசியோ” என்று ஒரு கிழவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கடைசியில் உன் அம்மா வேனிலிருந்து இறங்கி வந்தாள். “என் தம்பி சொல்றத நம்பாதீங்க. நான் சொல்றேன். அவன் சாப்டுவான்” என்றாள். உடனே நம்பிவிட்டார்கள். சிரித்துக் கலைந்தார்கள்.

வியாழக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். இன்று நான்கு. தமிழினி வரவில்லை. காய்ச்சல் போய்விட்டது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்று வேனைப் பார்த்தாள். கை மட்டும் ஆட்டினாள்.

மகாலட்சுமியிடம் கேட்டேன். “நீ பட்டினி கெடந்தப்போ பொம்பளைங்க நாங்க முறை போட்டுக்கினோம் நயினாரே. தெனம் ஒருத்தி வேலைக்குப் போவாம நின்னு, கைக்கொழந்தைங்க நாலையும் பாத்துக்குவோம். பெரிய புள்ளைங்க வண்டி ஏறிடும். இப்போ நீதான் நல்லா சாப்டுறியே! மல்லாட்டை புடுங்குற நேரம், ஒரு ஆளு நின்னாலும் மேஸ்திரி கத்துறாரு. தமிழினிய வுட்டா சின்னவன யாரு பாப்பா?” என்றாள்.

ஆக, என் பட்டினி பிள்ளைகளை மட்டும் இழுத்து வரவில்லை. அம்மாக்களையும் சேர்த்துக் கட்டிவைத்திருந்தது. எவனோ ஒரு கல்நெஞ்சன் தன் மல்லாட்டைக் கொல்லையில் இத்தனை தாய்மார்களை நிறுத்திக்கொண்டு, அவர்கள் பிள்ளைகள் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டை கட்டுகிறான். அவன் யாரென்று மட்டும் தெரியட்டும். ராஜகிரிக் கோட்டை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஏழு மதிலிலும் படும்படி உருட்டிவிடுகிறேனா இல்லையா பார்.

வர்த்தமானன்


செஞ்சி
13 ஆகஸ்ட் 2025

மாமா,

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ஊசிப்பாறைக்கு நடந்தே போனேன். ஆறு வருஷமாக இந்தப் பள்ளியில் இருக்கிறேன். இதுதான் முதல் தடவை. உங்கள் வேன் பாதையில் கப்பல் விடலாம் என்று எழுதியது அவ்வளவு பெரிய மிகை இல்லை.

என்னைப் பார்த்ததும் தமிழினி குழந்தையோடு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். மகாலட்சுமி பாய் போட்டாள். “வருசா வருசம் நோட்டீஸ்தான் வரும். இந்த வருசம் டீச்சரே வந்துட்டீங்க. எங்களுக்குப் படிக்க வராதுன்னு இப்பதான் தெரிஞ்சுதா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பிறகு மெதுவாகப் பேசினார்கள். அங்கன்வாடி எதிர்த்திசையில் இரண்டு கிலோமீட்டர். வேலைக்கு ஏழு மணிக்கே போக வேண்டும், அது அப்போது திறந்திருக்காது. கைக்குழந்தையைக் கொல்லைக்குக் கொண்டுவரக் கூடாதென்று மேஸ்திரி சொல்கிறார். “படிக்கறது வேணாம்னு எந்தத் தாயாவது சொல்லுவாளா டீச்சர்? சின்னவன பாம்பு பல்லிக்கு வுட்டுட்டு பெரியவள அனுப்ப முடியுமா?” என்று கேட்டாள். தமிழினி உள்ளேயிருந்து தலையை மட்டும் நீட்டி, “டீச்சர், பின்னம் நடத்திட்டீங்களா?” என்றாள். “நடத்திட்டேன்” என்றேன். முகம் விழுந்துவிட்டது.

ஜூலை வருகை எங்கள் பள்ளியின் சாதனை இல்லை, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று வட்டார அலுவலகத்துக்கு நேற்று எழுதிவிட்டேன்.

அப்புறம், நீங்கள் தேடும் அந்தக் கல்நெஞ்சனையும் விசாரித்தேன். ஏரிக்குக் கிழக்கே கிணற்றுக்கொல்லை. சித்திரையில் விதைத்த மல்லாட்டை. மேஸ்திரியாக நின்று வேலையை மேற்பார்வை பார்ப்பது பத்மகுமார் அண்ணன். பட்டா, ச. வர்த்தமானன் பெயரில் இருக்கிறது.

ராஜகிரிக்கு எப்போது போகிறீர்கள்?

திரிசலா


மேல்சித்தாமூர்
18 ஆகஸ்ட் 2025, திங்கள்

திரிசலா,

இந்தக் கடிதத்தை ஐந்து நாள் எழுதாமல் வைத்திருந்தேன்.

வேன் ஓட்டத் தொடங்கியதிலிருந்து கொல்லையைப் பத்மகுமாரிடம் விட்டுவிட்டேன். சாயங்காலம் போய் மூட்டையை ஏற்றிக்கொண்டு வருவேன். பிடுங்கியவர்கள் யாரென்று பார்த்ததில்லை. அவர்களுக்கும் மேஸ்திரியைத்தான் தெரியும். இதை ஒரு சாக்காக உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதியதும் எனக்கே பிடிக்கவில்லை. காலையில் அந்தப் பிள்ளைகளுக்காகப் பட்டினி கிடந்தேன். அதே நேரத்தில் என் கொல்லை தமிழினியை வீட்டில் நிறுத்திக்கொண்டிருந்தது. இதைச் சொல்ல என்னிடம் பெரிய வார்த்தை எதுவும் இல்லை.

இனி செய்ததைச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே கொல்லைக்குப் போனேன். பம்புசெட் கொட்டகையைக் காலி செய்து, கழுவி, சாணி மெழுகி, கைக்குழந்தைகளுக்கு விட்டத்தில் சேலையால் நான்கு ஏணை கட்டினோம். கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டோம். வசந்தா என்று ஊசிப்பாறையில் ஒரு பெரியவள். இனி அவளுக்கு வேலை குழந்தைகளைப் பார்ப்பதுதான். மற்றவர்களுக்கு உள்ள கூலி அவளுக்கும் உண்டு. பத்மகுமார், “சித்தப்பா, ஒரு ஆளு கொறையுதே” என்றான். “கொறையட்டும்” என்றேன். மேலே பேசியிருப்பேன். உன் அம்மா பக்கத்தில் இருந்தாள்.

பிள்ளைகளை உன்னிடம் இறக்கிவிட்டு, வசந்தாவுக்குத் துணையாக நானும் ஒரு மணி நேரம் கொட்டகையில் உட்கார்ந்தேன். திரிசலா, இதை நான் காகிதத்தில் சொல்லலாம்: நான்கு கைக்குழந்தைகள் என்பது நான்கு இல்லை. அது நாற்பதாயிரம் பேர் கொண்ட படை. அதில் யானைப் படையும் உண்டு. தமிழினியின் தம்பி என் வேட்டியை இரண்டு முறை முற்றுகையிட்டான். செஞ்சிக் கோட்டை அன்று என் இடுப்பில் இருந்திருந்தால் ஒரே நாளில் விழுந்திருக்கும்.

மகாலட்சுமி ஒன்று கேட்டாள்: “மல்லாட்டை முடிஞ்சிட்டா நாங்க வல்லத்துப் பக்கம் நடவுக்குப் போவோமே நயினாரே, அப்போ?” நியாயமான கேள்வி. வல்லத்து ஆதிநாதனிடம் போனேன். கூட்டிப் பேசக் கூடாது அல்லவா? இரண்டே வாக்கியம்: “உன் நடவுக்கு வர்றவங்க கொழந்தைங்களுக்கு ஒரு நிழலும் ஒரு ஆளும் வேணும். இல்லன்னா அவங்க பெரிய புள்ளைங்க பள்ளிக்கூடம் போவ முடியாது.” அவன் என்னைப் பார்த்துப் பயந்துபோனான். “வர்த்தமானா, உடம்பு ஏதும் சரியில்லையா? ரெண்டு வாக்கியத்துல முடிச்சிட்டியே!” என்று நாற்காலி போட்டு மோர் கொடுத்து, “செஞ்சிடலாம், நீ டென்ஷன் ஆவாத” என்று அனுப்பிவைத்தான். உண்மைக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் இத்தனை உழைத்திருக்க மாட்டேன்.

இன்று காலை எட்டுப் பேர். நீயே எண்ணினாய். தமிழினி முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். ஏறும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். “இன்னா மாமா?” என்றாள். “ஒண்ணுமில்ல” என்றேன்.

வர்த்தமானன்


செஞ்சி
29 ஆகஸ்ட் 2025, வெள்ளி

அன்புள்ள மாமா,

இரண்டு வாரமாக எண்ணிப் பார்க்கிறேன். எட்டு, ஒன்பது, ஒன்பது, ஏழு, எட்டு. ஏழு வந்த அன்று ரஞ்சனிக்கும் அவள் தங்கைக்கும் கண்வலி. வீட்டில் படுத்திருந்தார்கள், நல்லது. ஜூலையின் அந்தப் பதினொரு ஒன்பதைவிட இந்த எண்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன.

தமிழினிக்குப் பின்னம் பிடிபட்டுவிட்டது. மதிய இடைவேளையில் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறேன். கால் பெரிதா, அரைக்கால் பெரிதா என்று கேட்டால், “யாருக்குத் தர்றீங்க டீச்சர், எனக்கா தம்பிக்கா?” என்று கேட்கிறாள். ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டு ஜெயித்துவிட்டாள். நேற்று நான் கரும்பலகையில் செய்த தப்பை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சுட்டிக்காட்டினாள். ஒரு மாதம் முன்பு தன் உடம்பு சுட்டபோதுகூட வாய் திறக்காத பெண்.

முதல் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தை இந்த முறை ஊசிப்பாறையிலேயே வைக்கிறேன். அம்மாவையும் கூட்டி வாருங்கள். முன் சீட்டில் வரலாம், அது பள்ளி நாள் இல்லை.

இன்று இளவரசன் வரவில்லை. வேனில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவன் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? கொல்லையில் ஏதாவது சிக்கலா? பயமாக இருக்கிறது. விசாரித்து எழுதுங்கள். எழுத வேண்டாம், போன் செய்யுங்கள். தடையை எடுத்துவிட்டேன்.

திரிசலா


மேல்சித்தாமூர்
30 ஆகஸ்ட் 2025, சனி

திரிசலா,

போன் செய்யச் சொல்கிறாய். பக்கத்தில் உன் அம்மா இருக்கிறாள், பௌர்ணமிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அதனால் எழுதி, கடைத்தெருவுக்கு வரும் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றுச் சாயங்காலமே ஊசிப்பாறைக்குப் போனேன். வீட்டில் யாருக்கும் உடம்பு கெடவில்லை. கொல்லையில் சிக்கல் இல்லை. அவன் பார்த்துக்கொள்ள வேண்டிய கைக்குழந்தை கிடையாது. யாரும் அவனை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. காலையில் அவன் அம்மா தலைவாரி, பை மாட்டி, ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். துரை, வேன் சத்தம் கேட்டதும் பாறைக்குப் பின்னால் பதுங்கிவிட்டார். நான் ஹாரன் அடித்து ஓய்ந்து கிளம்பியதும் நேராக ஏரிக்குப் போய், நாள் முழுக்க நண்டு பிடித்திருக்கிறார். மூன்று நண்டு. எனக்கே காட்டினார்.

“இன்னாத்துக்குடா வரல?” என்றேன்.

“சும்மா” என்றான்.

“நீ வரலன்னா நான் பட்டினி கெடப்பேன்னு தோணலையா?”

“நீதான் சாப்டுவியே” என்று சொல்லிவிட்டு நண்டோடு ஓடிவிட்டான். அவன் அம்மா விளக்குமாற்றோடு பின்னால் ஓடினாள்.

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. பதிவேட்டில் பயமில்லாமல் எழுது: மட்டம் போட்டான். செஞ்சியில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளும் போடுகிறார்களே, அதே மட்டம். ஒரு கஷ்டமும் இல்லாமல், ஒரு காரணமும் இல்லாமல்.

திங்கட்கிழமை அவனை உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறேன். நன்றாகத் திட்டு. பிரம்பு வேண்டாம், முழியே போதும். ஊசிப்பாறைப் பிள்ளைகள் வராமல் போனதற்கு இதுவரை எல்லாரும் பரிதாபப்பட்டிருக்கிறார்கள், நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள், நான் பட்டினி கிடந்திருக்கிறேன். மட்டம் போட்டதற்காக அங்கே ஒரு பிள்ளை திட்டு வாங்கப்போவது இதுதான் முதல் தடவை. குறைவில்லாமல் திட்டு.

உன் மாமா
வர்த்தமானன்